தலையில்லாத கமரா

ஊர்காவற்துறை வேதக்கோயிலில் முதல்நன்மை விழா. பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகளைக் கோயில் படிகளில் நிரையாக நிறுத்திவிட்டு, அக்காவின் கணவரான அத்தான் தன் பிலிம் கமராவைக் கண்ணில் வைத்தார்.

"எல்லாரும் இஞ்சை பாருங்கோ பிள்ளையள். கண்ணை மூடப்படாது."

அந்த நேரம் பார்த்து, பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த யாரோ ஒரு பிள்ளையின் மாமன், சட்டைப்பைக்குள் இருந்து சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளிநிறக் கமராவை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு அதன் முதுகைத் திருப்பிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். தங்கள் முகம் அதற்குள் தெரிவதைக் கண்டதுதான் தாமதம், முழு நிரையும் படியை விட்டுப் பறந்தது. அத்தானின் விரலும் அதே கணத்தில் அமுங்கிவிட்டது. ஒரு கிழமை கழித்து யாழ்ப்பாணத்தில் கழுவி வந்த படத்தில் கோயில் படிகள் இருந்தன. படியில் உருண்டு கிடந்த மெழுகுதிரி ஒன்று இருந்தது. வலப்பக்க ஓரத்தில், படத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைச் சப்பாத்து இருந்தது.

அத்தான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்தப் பிலிம் யாவாரம் முடிஞ்சுது" என்றார் என்னிடம்.

வேலணையில் எங்களுக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது. ஸ்ரூடியோ என்றால் ஒடுக்கமான ஒரு கடையறை. வாசலில் ஒரு மேசை, உள்ளே ஒரு கதிரை, அதற்குப் பின்னால் ஒரு நீலத்திரை. அத்தான் படம் எடுப்பார். அக்கா காசுக்குப் பொறுப்பு. அக்காவின் தங்கச்சியான நான் மிச்சம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு: வந்தவர்களுக்கு முகப்பவுடர் எடுத்துக் கொடுப்பது, அழுகிற குழந்தைக்குக் கிலுக்கட்டி ஆட்டுவது, பாஸ்போட் படத்துக்குச் சிரிக்கிறவர்களைச் சிரிக்காமல் வைத்திருப்பது. அத்தோடு யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் கொம்பியூட்டர் படித்திருந்தபடியால், மின்சாரத்தில் இயங்கும் எதைப் பற்றிய கேள்வியும் என்னிடம்தான் வரும். அயன்பொக்ஸ் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்திருந்த காலம் அது. வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஊருக்கு வந்துபோனார்கள். கலியாணங்களும் சாமத்தியவீடுகளும் காத்திருந்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அண்ணை, படத்தை ஈமெயிலிலை அனுப்பேலாதோ?" அத்தான் அதற்கு, "முதலிலை பஸ்ஸிலை யாழ்ப்பாணம் அனுப்பவேணும்" என்று உண்மையைச் சொல்லுவார்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம் விஷயத்தை வைத்தோம். அக்கா சீட்டு ஒன்று எடுத்திருந்தாள். அந்தக் காசில் இரண்டு நல்ல கறவை மாடு கன்றோடு வாங்கலாம் என்பது அவளுடைய கணக்கு.

"அதைத் தாறன்" என்றாள். "அதுக்குமேலை ஒரு சதம் கேக்கப்படாது. கடன் படவும் கூடாது. அதுக்குள்ளை என்ன கமரா வருதோ அதை வாங்கிக்கொண்டு வாங்கோ."

பாரிஸ் மாமன் வைத்திருந்ததைப் போன்ற சின்னக் கமரா என்றால் அந்தக் காசில் இரண்டு வாங்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். அத்தான் சோற்றில் கை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உதைக் கையிலை வைச்சுக்கொண்டு கலியாணவீட்டிலை நிண்டால், என்னைச் சாப்பிட வந்த ஆள் எண்டெல்லோ நினைப்பினம்?"

அதில் நியாயம் இருந்தது. சின்னக் கமரா இப்போது பாரிஸ் மாமன்களிடம் எல்லாம் இருக்கிறது. காசு கொடுத்துக் கூப்பிடுகிற படப்பிடிப்பாளரிடம் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கவேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய, தோளில் தொங்கினால் தோள் சரிகிற டிஜிற்றல் எஸ்எல்ஆர்தான் வேண்டும் என்று முடிவானது. அக்காவின் காசுக்குள் அது வருமா என்பதுதான் கேள்வி.

நான் யாழ்ப்பாணம் போய் இன்ரநெற் கடை ஒன்றில் இருந்து, கமராக்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தவற்றை அச்சடித்துக்கொண்டு வந்தேன். மேசையில் அந்தத் தாள்கள் கிடந்ததும் ஸ்ரூடியோ ஒரு சங்கக்கடை மாதிரி ஆகிவிட்டது. பாஸ்போட் படத்துக்கு வந்தவர், படச்சட்டம் வாங்க வந்தவர், ஒன்றுக்கும் வராமல் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் என்று எல்லோரும் எடுத்து வாசித்துக் கருத்துச் சொன்னார்கள். எல்லாத் தாளிலும் முதலில் இருந்தது மெகாபிக்சல் என்ற சொல்.

"நீங்கள் பார்க்கிறது எத்தினை மெகா?" என்று கேட்டார் பஸ்ஸுக்கு நின்றவர்.

"ஆறு" என்றார் அத்தான்.

"கனடாவிலை என்ரை மருமகன் எட்டு வைச்சிருக்கிறான். எட்டு இருக்கிற உலகத்திலை ஏன் அண்ணை ஆறை வாங்குறியள்?"

அன்று பின்னேரம் முழுக்க அத்தானுக்கு ஆறில் நம்பிக்கை போய்விட்டது. கடைசியில் அக்காதான் கேட்டாள், "உந்தப் பிக்சல் எண்டது என்ன?"

படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, புள்ளி கூடக்கூடப் படம் துல்லியமாக வரும் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா யோசித்தாள்.

"அப்ப நாலு காணாதே? எங்கடை சனத்தின்ரை முகத்துக்கு நாலு காணும்."

இதற்கிடையில் நோர்வேயில் இருந்த எங்கள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். அவர் கமரா விஷயத்தில் ஒரே ஒரு ஆலோசனைதான் சொன்னார். "இப்ப வாங்காதையுங்கோ. அடுத்த மொடல் வரப்போகுது. வந்தால் இது விலை இறங்கும்." அடுத்த மொடல் வந்தது. இது விலை இறங்கியது. அண்ணன் மறுபடி எடுத்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, அதுக்கடுத்ததும் வரப்போகுதாம்" என்றார். அவருடைய சொல்லைக் கேட்டிருந்தால் இன்றைக்கும் நாங்கள் கமரா வாங்கியிருக்கமாட்டோம். பொறுப்பதால் ஒரு செலவும் இல்லை என்பதால் அக்காவுக்கு அண்ணனின் பேச்சு நன்றாகப் பிடித்திருந்தது.

நாங்கள் பொறுத்துக்கொண்டிருந்தபோது சாட்டிக் கடற்கரையில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம் அத்தானின் கையைவிட்டுப் போனது. பிள்ளையின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து டிஜிற்றல்காரர் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். அத்தான் அன்று ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் கொழும்பு பஸ்ஸுக்கு இடம் சொல்லப்போறன். பிள்ளையும் வரட்டும், இங்கிலீசிலை கேக்கிறதுக்கு" என்றார். அக்கா காசைச் சேலைத்துண்டு ஒன்றில் முடிந்து என்னிடம் தந்தாள். அத்தானிடம் தரவில்லை.

கொழும்பில் நாங்கள் ஏறாத கமராக் கடை இல்லை என்று சொல்லலாம். பெரும்பாலான கடைகளில் விலையைக் கேட்டதும் அத்தான் "பாத்திட்டு வாறம்" என்பார். கடைசியாக ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடையில், தமிழ் நன்றாகப் பேசிய ஒரு கடைக்காரர் எங்களை இருத்தி வைத்து மூன்று கமராக்களைக் கண்ணாடி மேசையில் பரப்பினார்.

அத்தான் தேர்ந்தெடுத்த முறையை நான் எந்தத் தாளிலும் வாசித்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து அமத்தினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"சேர், இது காதால கேக்கிறதுக்கு இல்ல, கண்ணால பாக்கிறதுக்கு."

"சத்தம் முக்கியம் தம்பி" என்றார் அத்தான். "படம் எடுத்தது சனத்துக்குக் கேக்கவேணும். கேக்காட்டில் அப்பிடியே நிண்டுகொண்டே இருப்பினம்."

முதலாவது பல்லியைப்போல் 'டிக்' என்றது. அது தள்ளுபடி. இரண்டாவதுக்குச் சத்தம் போதும், ஆனால் அதன் பிளாஸ்ரிக் உடம்பு அத்தானின் கைக்கு வெறுமையாகப் பட்டது. மூன்றாவது கறுப்பாக, பாரமாக, 'கடக்' என்று ஒரு பெட்டகத்தைப் பூட்டினாற்போல் ஒலித்தது. அத்தான் கண்ணைத் திறந்தார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. விலையைக் கேட்டேன். அக்காவின் முடிச்சைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்துக்கும் எங்களிடம் வழி இல்லை.

கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளே போய், அதே கமராவின் இன்னொரு பெட்டியை எடுத்து வந்தார். ஒருவர் கொஞ்சக் காலம் பாவித்துத் திருப்பிக் கொடுத்ததாம்.

"இது உங்க காசுக்குள்ள வரும் சேர். ஆனா இது பொடி மட்டும்."

"பொடியோ?" என்று அத்தான் பின்வாங்கினார். ஊரில் அந்தச் சொல்லைச் செத்தவீட்டில்தான் சொல்லுவோம்.

"கமராட உடம்பு மட்டும். லென்ஸ் இல்ல."

"தலையில்லாத பொடியைக் கொண்டுபோய் நான் என்ன தம்பி செய்யிறது?"

இந்த இடத்தில்தான் நான் அச்சடித்த தாள்கள் உதவின. எங்கள் பழைய பிலிம் கமராவும் இதே கம்பனிதான். அந்த லென்ஸ் இதற்கும் பொருந்தும் என்று ஒரு தாளில் வாசித்திருந்தேன். கேட்டேன். கடைக்காரர் தன்னிடம் கிடந்த அதே மாதிரிப் பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டிக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. வெளிச்சத்தை மட்டும் அது தானாக அளக்காது, கையால்தான் திருகவேண்டும். அத்தான் வாழ்நாள் முழுக்கக் கையால் திருகியவர். அது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

"இன்னொண்டு சொல்லணும்" என்றார் கடைக்காரர். "இதுக்குள்ள படம் பதியிற தகடு பிலிமைவிடச் சின்னது. அதனால பழைய லென்ஸப் போட்டா எல்லாம் கொஞ்சம் கிட்ட வந்தமாதிரித் தெரியும்."

"கிட்ட வருமோ?"

"ஓம் சேர். ஒண்டரை மடங்கு."

அத்தான் என் பக்கம் குனிந்து, கடைக்காரருக்குக் கேட்காமல் சொன்னார்: "காசில்லாமல் சூம் தாறான் பிள்ளை. மனம் மாற முதல் கட்டிக்கொண்டு போவம்."

கிட்ட வருகிற படத்தில் ஓரங்கள் எங்கே போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் எல்லாச் சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்டினோம். தீவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கடற்படைக்காரர் கமராவை வெளியே எடுத்து, லென்ஸ் இருக்கவேண்டிய ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"லென்ஸ் கோ?" என்றார். எங்கே என்று கேட்கிறார்.

"லென்ஸ் வீட்டிலை இருக்கு" என்றேன். விளங்கவில்லை. வீட்டுக்கு எனக்குத் தெரிந்த சிங்களச் சொல்லைப் போட்டேன். "கெதர. லென்ஸ் கெதர."

அவர் கமராவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொழும்பில் யாரோ எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. "பவ்" என்று தன் கூட்டாளியிடம் சொன்னார். பாவம் என்று அர்த்தம். இரண்டு கையாலும் பிடித்து, மிகவும் மரியாதையாக, கமராவைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பழைய லென்ஸை மாட்டி அக்காவின் முகத்தை எடுத்தோம். படம் அவ்வளவு வடிவு. ஒவ்வொரு கண்மயிரும் தெரிந்தது. "நாலு காணும் எண்டனான்" என்றாள் அக்கா.

சிக்கல் மறுநாள் தொடங்கியது. தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் ஸ்ரூடியோவுக்கு வந்தது. அத்தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பார்த்தார். தாயும் நடுப்பிள்ளையும் மட்டும் தெரிந்தார்கள். ஒரு அடி பின்னுக்கு வைத்தார். மேசை இடித்தது. மேசையை நகர்த்தினோம். வாசற்படிக்கு வந்தார், தகப்பனுக்குப் பாதி முகம் வந்தது. கடைசியில் அத்தான் றோட்டில் நின்றார். அன்றிலிருந்து குடும்பப் படம் என்றால் நான் வெளியே போய்க் கையைக் காட்டிச் சைக்கிள்களை மறிப்பேன். ஒருமுறை குறிகட்டுவான் பஸ்ஸையும் மறிக்கவேண்டி வந்தது. சாரதி எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த குடும்பத்துக்குக் கையைக் காட்டிவிட்டுப் பொறுத்து நின்றார்.

"சூம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று மட்டும் அத்தான் சொன்னார்.

இந்த நிலையில்தான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு கலியாணம் வந்தது. பெரிய கலியாணம். பெண்ணின் தமையன் கனடாவிலிருந்து வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் நயினாதீவிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். பெண் வீட்டு முற்றத்திலேயே பந்தல்.

காலைமுழுக்க எங்கள் கமராவுக்கு ராசிதான். ஓமப்புகைக்குள் போகாமல் தூரத்தில் நின்றே அத்தான் தாலி கட்டுவதை எடுத்தார். ஐயரின் முதுகு ஒரு படத்திலும் இல்லை. பிள்ளைகள் வந்து கமராவின் முதுகை எட்டிப் பார்த்தார்கள். அத்தான் பாரிஸ் மாமனைப்போல் சிரித்துக்கொண்டு காட்டினார். ஒவ்வொரு 'கடக்'குக்கும் சனம் திரும்பிப் பார்த்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் பெண்ணின் தமையன் வந்தார்.

"அண்ணை, ரெண்டு பக்கத்து ஆக்களும் ஒரே படத்திலை வரவேணும். ஒராள் விடாமல். இனி எல்லாரும் எப்ப ஒண்டாச் சேரப்போறமோ தெரியாது."

விறாந்தைக்கு முன்னால் எல்லோரையும் மூன்று நிரையாக நிறுத்தினோம். கதிரைகளில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள், நிலத்தில் பிள்ளைகள், நடுவில் பொம்பிளை மாப்பிள்ளை. அத்தான் பார்த்தார். பின்னுக்குப் போனார். பார்த்தார். இன்னும் பின்னுக்குப் போனார். பந்தல்கால் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, சமையல் கிடாரம் ஒன்றைத் தாண்டி, மேற்குப் பக்கத் தென்னோலைக் கிடுகு வேலியில் முதுகு முட்டும்வரை போனார். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு மாமி பாதி, பெண் வீட்டுப் பக்கம் ஒரு சித்தப்பா பாதி. இருவருக்கும் அப்பால் நின்ற ஒருவருமே இல்லை.

"இன்னும் நெருங்கி நில்லுங்கோ!" என்று கத்தினார். நெருங்கினார்கள். பட்டுச்சேலைகள் கசங்கின. பொம்பிளையின் மாலையிலிருந்து பூக்கள் உதிர்ந்தன.

நான் பெண்ணின் தாயிடம் போய், இரண்டு பாதியாக எடுத்துக் கொம்பியூட்டரில் ஒட்டலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கலியாணத்தண்டு பிள்ளையை நடுவாலை வெட்டுறதோ?" என்றாள் அவள்.

அத்தான் வேலியில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்தார். வேலி முனகியது. வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, வேலியை விழுத்திப்போடாதையும்."

அது அடுத்த வீட்டுக்காரரான மேற்கு வளவுக்காரர். பெண்ணின் தகப்பனுக்குச் சொந்தப் பெரியப்பாவின் மகன். இருவரும் பேசி எத்தனையோ வருடம். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் எல்லையில் நட்ட கதியால் கம்பு தன் பக்கம் நகர்கிறது என்று அவர் சொல்லுவாராம், தன் பக்கம்தான் நகர்கிறது என்று இவர் சொல்லுவாராம். கலியாணத்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் விடியற்காலையிலிருந்து அவர் கிடுகு இடுக்கு ஒன்றுக்குள்ளால் முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

அத்தானுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. "அண்ணை, உங்கடை வளவுக்குள்ளை நிண்டு ஒரு படம் எடுக்கலாமோ?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டார்.

"நீர் கேட்டால் காணாது. கேக்கவேண்டிய ஆள் கேக்கட்டும்" என்றது வேலி.

நிரையின் நடுவிலிருந்து பெண்ணின் தகப்பன் எங்களிடம் உரக்கச் சொன்னார். "ஆரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. படம் இல்லாட்டிலும் பரவாயில்லை."

"என்ன அப்பா பரவாயில்லை?" என்றார் தமையன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நிலத்தில் இருந்த பிள்ளைகளில் ஒன்று எழும்பி ஓடியது. அதைப் பிடிக்க ஒரு தாய் ஓடினாள். நிரை கலையத் தொடங்கியது.

அப்போது பொம்பிளை நிமிர்ந்தாள். காலையிலிருந்து தலைகுனிந்து, கேட்டதற்கு மட்டும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்த பிள்ளை. அவளிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று மாப்பிள்ளையே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"பெரியப்பா! அந்த அண்ணையை உள்ளை விடுங்கோ! எனக்குக் கால் உளையுது!"

வேலி யோசித்தது.

"ஓம் பிள்ளை" என்றது. "வரச்சொல்லு."

இரண்டு கிடுகு உள்ளேயிருந்து விலகின. அத்தான் அந்த இடைவெளிக்குள்ளால் நுழைந்தார். ஆனால் அந்தப் பக்கம் போனதும் நிலத்தில் நின்று பார்க்க வேலிதான் தெரிந்தது. மேற்கு வளவுக்காரர் தன் உழவு மெசினை இயக்கி, பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து வேலிக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். அத்தான் பெட்டியில் ஏறினார். பார்த்தார். "எல்லாரும் வரீனம்!" என்று கத்தினார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மேற்கு வளவுக்காரரும் பெட்டியில் ஏறிவிட்டார். அத்தான் ஒரு படம் எடுத்துக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். பிறகு அவருக்குள் ஒரு அதிகாரம் வந்துவிட்டது.

"இடப்பக்கம் நிக்கிற பச்சைச் சேலை, முன்னுக்கு வாங்கோ. மாப்பிள்ளைத் தம்பி, நிமிர்ந்து நில்லும். அந்தப் பெடியன் வாயிலை இருந்து விரலை எடுக்கட்டும்."

எல்லோரும் சொன்னபடி செய்தார்கள். அவர் மறுபடி பார்த்தார்.

"நடுவிலை நிக்கிற பட்டுவேட்டி, வயித்தைக் கொஞ்சம் உள்ளுக்கு எடுக்கட்டும்!"

பட்டுவேட்டி என்றால் அந்த நடுவில் பெண்ணின் தகப்பன் ஒருவர்தான். அவர் சிவந்தார். சுட்டுவிரலை வேலிக்கு மேலால் உழவு மெசின் பெட்டியை நோக்கி நீட்டினார்.

"நான் வயித்தை உள்ளுக்கு எடுக்கிறன்! அவன் கதியாலை உள்ளுக்கு எடுப்பானோ எண்டு கேளுங்கோ!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். 'கடக்' என்றது.

அதற்குப் பிறகு ஒழுங்காகவும் சில படங்கள் எடுத்தோம். தமையன், "பெரியப்பா, நீங்களும் வாங்கோவன் படத்துக்கு" என்று கூப்பிட்டார். "நான் அங்கை வந்தால் இஞ்சை ஆர் பார்க்கிறது?" என்று அவர் மறுத்துவிட்டார். பெண்ணின் தாய் வாழையிலையில் சாப்பாட்டைக் கட்டி அந்த இடைவெளிக்குள்ளால் கொடுத்துவிட்டாள். தகப்பன் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருந்ததற்கு அவர் பட்ட கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்தது.

விரல் நீட்டிய படத்தைத் தமையன் கனடாவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினாராம். தகப்பன் விறாந்தையில் மாட்டியது வயிற்றை உள்ளே எடுத்த படம். இரண்டுக்கும் சேர்த்துத் தந்த காசில் அக்கா பாதியை எடுத்துப் புது லென்ஸுக்கு என்று தனியே முடிந்து வைத்தாள்.

கொஞ்ச நாளில் மேற்கு வளவுக்காரர் ஸ்ரூடியோவுக்கு வந்தார். சுவிசிலிருந்து மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். ஒரு குடும்பப் படம் வேண்டும்.

"வந்தவுடனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்றார் அத்தான்.

"இல்லைத் தம்பி. வீடும் சேர்ந்து விழவேணும். கலியாணவீட்டுக்கு எடுத்தமாதிரி."

அவர் வீட்டு முகப்பு கிழக்கே பார்த்தது. முகப்புக்கு எதிரே அதே வேலி. வீடும் சேர்ந்து விழவேண்டும் என்றால் அத்தான் எங்கே நிற்கவேண்டும் என்பது எனக்கும் அத்தானுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மேற்கு வளவுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அவரிட்டை நான் கேட்டிட்டன்" என்றார். "ஓம் எண்டவர்."

நாங்கள் போனபோது பெண்ணின் தகப்பன் தன் முற்றத்தில் ஒரு மேசையும், மேசைக்கு மேலே ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தார். அத்தான் ஏறியதும் கதிரையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலால் எட்டிக் குரல் கொடுத்தார்.

"மகள் வந்த நாளிலையாவது அந்தாளைச் சட்டையைப் போடச்சொல்லுங்கோ!"

வேலியில் பிரித்த அந்த இடைவெளியை இரண்டு வீட்டாரும் அடைக்கவில்லை. அதற்குள்ளால் ஒருவரின் ஆடுகள் போய் மற்றவரின் மரவள்ளியைத் தின்னத் தொடங்கின. அதைப் பற்றி இருவரும் புதிதாக ஒரு சண்டையைத் தொடங்கினார்கள். தினமும் காலையில், அந்த இடைவெளியில் நேருக்குநேர் நின்று, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக.